மயங்கி விழுந்தவரைச் சுற்றி நிற்கும் நாம்

நண்பகல் வெயிலில், பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒருவர் தள்ளாடி நடக்கிறார். பேச்சு குழறுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் வேறு ஏதோ சொல்கிறார். காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். பிறகு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, அப்படியே படுத்துவிடுகிறார். பார்ப்பவர்கள் முடிவுக்கு வர ஒரு நொடி போதும்: குடித்திருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நம் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுகிறோம்.

அவர் குடித்திருக்கலாம். ஆனால் மூளை வரை சூடேறிவிட்ட ஒருவரிடமும் இதே தள்ளாட்டம், இதே குழறல், இதே கோபம் அச்சு அசலாகத் தெரியும். மருத்துவமனையில் ஹீட் ஸ்ட்ரோக் என்று எழுதுகிறார்களே, அந்த வெப்பத்தாக்கின் முக்கிய அடையாளமே புத்தி தடுமாறுவதுதான். குடித்தவராகவே இருந்தாலும் ஆபத்து குறையப்போவதில்லை. மது உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றிவிடுவதால் அவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே வெயிலில் விழுந்து கிடப்பவர் குடித்தாரா என்ற ஆராய்ச்சி அந்த நேரத்தில் யாருக்கும் உதவாது. தொட்டால் உடம்பு கொதிக்கிறதா, பெயரும் ஊரும் கேட்டால் தெளிவாகச் சொல்கிறாரா என்று பார்ப்பதுதான் உதவும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாரடைப்பிலோ விஷக்கடியிலோ உயிரைக் காக்கும் மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வரைதான் நம் வேலை. வெப்பத்தாக்கில் சிகிச்சையின் பெரும்பகுதி விழுந்த இடத்திலேயே நடந்தாக வேண்டும். உடம்பின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மூளை, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறையும் முறை எல்லாம் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். எத்தனை டிகிரி ஏறியது என்பதைப் போலவே, எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் உடம்பு கிடந்தது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்ற கடலோர ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் வெயிலில் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அங்கே 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்கால் விழுந்த 274 பேரைப் பற்றிய மருத்துவப் பதிவு 2015இல் வெளியானது. 274 பேருமே பிழைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. பந்தயம் முடியும் இடத்திலேயே ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டிகள் தயாராக இருந்தன. விழுந்தவரைத் தூக்கி உடனே தொட்டியில் இறக்கினார்கள்.

தண்ணீர், நிழல், நான்கு பேர் கை. இவற்றுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. பஞ்சம் இருப்பது அடையாளம் தெரிவதிலும், தயங்காமல் இறங்குவதிலும்தான்.

வெயிலில் வேலை செய்யும் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வையை நம்பியிருக்கிறது. வியர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது ஆவியாகிப் போகவும் வேண்டும். தூத்துக்குடி, நாகை, சென்னை போன்ற கடலோரங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. கடலோரத்தில் 37 டிகிரியையே வெப்ப அலைக்கான வரம்பாக இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கிறது; சமவெளியில் அது 40. அந்தக் கணக்கும் நிழலில் வைத்த வெப்பமானியின் கணக்கு. வெள்ளை உப்பின் மேல் பட்டு வெயில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிற உப்பளப் பாத்தியில் நிற்பவருக்கோ, தார் கொதிக்கிற சாலையில் ஜல்லி கொட்டுபவருக்கோ அது பொருந்தாது.

உடம்பு எடுத்த எடுப்பில் விழுந்துவிடுவதில்லை. முன்கூட்டியே சொல்கிறது. காலிலும் வயிற்றிலும் தசை பிடிக்கும். தலை வலிக்கும், கண் இருட்டும், குமட்டும், வாந்தி வரும், வியர்த்துக் கொட்டும், தோல் வெளுத்துப் பிசுபிசுக்கும். சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்துபோகும். இந்தக் கட்டத்தில் புத்தி தெளிவாகவே இருக்கும். நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, கால்களைச் சற்று உயர்த்தி, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போட்டால் போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தெளிந்தாலும் அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் பெரும்பாலும் மீறுகிறோம். "கொஞ்சம் உக்காந்துட்டு வாப்பா" என்று மேஸ்திரி சொல்ல, சோடா குடித்துவிட்டு அவரும் மறுபடி சட்டியைத் தூக்குகிறார்.

புத்தி தடுமாறினால் கதை வேறு. அதற்குப் பிறகு அது உயிர் போகிற அவசரம். வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்கும் முதியவர்களிடம் அப்படி இருக்கும். ஆனால் மூட்டை சுமந்தவர், போலீஸ் தேர்வுக்கு ஓடிய இளைஞர், விளையாட்டு நாளுக்குப் பயிற்சி எடுத்த பள்ளிப் பிள்ளை இவர்களெல்லாம் வியர்வையில் குளித்தபடியே வெப்பத்தாக்குக்கு ஆளாவார்கள். நெற்றியிலோ அக்குளிலோ வைக்கும் வெப்பமானி அந்த நேரத்தில் குறைத்துக் காட்டும். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வெயிலில் இருந்தார், உடம்பு சுடுகிறது, பேச்சு ஒழுங்காக இல்லை. இந்த மூன்றும் போதும்.

108-ஐ ஒருவர் அழைக்கட்டும். மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கி, மேலுடையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றத் தொடங்க வேண்டும். குடம் குடமாக ஊற்ற வேண்டும். முகத்தில் தெளிப்பதெல்லாம் போதாது. ஊற்றிக்கொண்டே துண்டாலோ அட்டையாலோ முறத்தாலோ இருவர் விசிற வேண்டும். ஜூஸ் கடையிலோ மீன் கடையிலோ ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். வயலாக இருந்தால் பம்புசெட் தொட்டியை விடச் சிறந்த சிகிச்சைக் கருவி கிடையாது. தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க, கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் நீரில் இருக்கட்டும். தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயை விரித்து அவரைக் கிடத்தி, நாலு பக்கமும் நாலு பேர் தூக்கிப் பிடித்து உள்ளே தண்ணீரையும் ஐஸையும் கொட்டினால் அதுவே தொட்டி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டதே என்று குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். போகிற வழியிலும் அது தொடர வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பாரசிட்டமால் மாத்திரை காய்ச்சலுக்கானது. இந்தச் சூட்டை அது இறக்காது, ஏற்கெனவே தள்ளாடும் கல்லீரலுக்குச் சுமையாகும்.

இங்கே இரண்டு தயக்கங்களை மரியாதையோடு பேசியாக வேண்டும். சூடான உடம்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று நம் பெரியவர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் அன்பிலிருந்து வருவது. ஆனால் உட்சூட்டை இறக்காமல் விடுவதால்தான் வலிப்பு வருகிறது, உறுப்புகள் செயலிழக்கின்றன. குளிரில் உடம்பு சற்று நடுங்கினாலும் அதனால் சாவு வராது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனை வைத்திருக்கும் நாட்டில், கொதிக்கும் உடம்புக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு தயக்கம், விழுந்தவர் பெண்ணாக இருந்தால் வருவது. ஆண்கள் ஒதுங்கி நிற்பார்கள். பெண்கள் சேலையைச் சரிசெய்து மூடிவிடுவார்கள். மூடிய துணிக்குள் சூடு அடைந்துகொண்டே போகும். நாலு பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டலாம். அது முடியாவிட்டால் உடுத்திய சேலையோடு சேர்த்தே தண்ணீரை ஊற்றி, ஊக்குகளை மட்டும் தளர்த்தி விசிறலாம். பெண்கள் யாரும் அருகில் இல்லையென்றால் அங்கிருக்கும் ஆண்கள் செய்ய வேண்டும். ஓர் உயிருக்கு முன்னால் இதில் மானக்குறைவு எதுவும் இல்லை என்பதை ஊர் ஒப்புக்கொண்டிருந்தால்தான் தனியாள் துணிந்து முன்வருவார். போலீஸ் விசாரணைக்கு அலைய வேண்டிவருமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. சாலை விபத்தில் உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாக்கிறது. அதே உறுதியை வெயிலில் விழுந்தவருக்கு உதவுபவருக்கும் அரசு வெளிப்படையாகத் தர வேண்டும்.

கீழே விழுந்த பிறகு செய்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பொறுப்பு விட்டுப்போகும்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகச நிகழ்ச்சி நடந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு லட்சக்கணக்கானோர் உச்சி வெயிலில் மணலில் நின்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அது கத்திரி வெயில் காலமும் இல்லை, அன்றைய வெப்பம் 40 டிகிரியும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் நடந்த விருது விழாவில் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசியல் பொதுக்கூட்டம், தேரோட்டம், குடமுழுக்கு, விளையாட்டு விழா என்று நாம் கூடும் இடங்கள் ஏராளம். மேடைக்கு மட்டும் பந்தல் போட்டுக் கூட்டத்தை வெயிலில் நிறுத்தும் வழக்கத்தை எல்லாக் கட்சிகளும் எல்லா விழாக் குழுக்களும் சேர்ந்து கைவிட வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவதுபோல நிழலுக்கும் தண்ணீருக்கும் கூட்டத்தின் நடுவில் ஆம்புலன்ஸ் போகும் வழிக்கும் கணக்குக் காட்டினால்தான் அனுமதி என்று காவல் துறை சொல்லட்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது மாறாமல் இருக்க வேண்டும்.

மெரினாவுக்குச் சில வாரங்களுக்குப் பின் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம், தண்ணீர்ப் பந்தலுக்கும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கும் பேரிடர் நிதியிலிருந்து செலவிடும் வழி ஆகியவை அதனால் கிடைத்தன. நல்ல முடிவு. ஆனால் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும் உட்சூட்டை அளந்து எழுதாவிட்டால், சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்றே பதிவாகும். குடும்பத்துக்கு நிவாரணம் போகாது. எந்த ஊரில், எந்த வேலையில், எத்தனை மணிக்கு மனிதர்கள் விழுகிறார்கள் என்பது அடுத்த ஆண்டுத் திட்டம் போடுபவருக்கும் தெரியாது. 1998இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெயிலுக்குப் பறிகொடுத்த ஒடிசாவும், 2010இன் கொடிய மே மாதத்துக்குப் பிறகு 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்த அகமதாபாத்தும் தங்கள் இழப்பை எண்ணிப் பார்த்துத்தான் தொடங்கின.

வேலையிடத்துக்கு வருவோம். வெயிலுக்குப் பழகாத உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் இருப்பவர்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு நாள் ஒரு பங்கு கூட்டுவது என்பது அங்கே பரிந்துரைக்கப்படும் கணக்கு. இங்கே நேர்மாறாக, ஊருக்குப் போய்விட்டு இரண்டு நாள் ரயிலில் வந்திறங்கும் வடமாநிலத் தொழிலாளர் மறுநாள் காலையிலேயே முழு வேலைக்கு நிற்கிறார். தலை சுற்றுகிறது என்பதைத் தமிழில் சொல்ல அவருக்குத் தெரியாது. அவரைப் பழைய ஆள் ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுவதற்குச் செலவு எதுவும் ஆகாது. தன் நிலை தடுமாறுவது தனக்கே தெரியாத நோய் இது. பக்கத்தில் நிற்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேரளத்தில் கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆணையிடுகிறது. நம் பிள்ளைகள் போய் உழைக்கும் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 வரை வேலைக்குத் தடை. தமிழ்நாட்டிலும் அப்படி ஓர் ஒழுங்கு, எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக வேண்டும். வேலை கொடுப்பவரின் சங்கடமும் உண்மையானது. கான்கிரீட் போடத் தொடங்கிய தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது என்று பொறியாளர் சொல்வது சரிதான். அன்றைக்கு விடியலுக்கு முன்பே தொடங்குவது என்று திட்டமிடலாம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அரை நாள் வேலைக்கு முழுக் கூலி தர முடியாமல் திணறுவார். பல ஊர்களில் விடிகாலையில் வயலில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் கரையேறும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஊரக வேலை உறுதிப் பணிக்கும் சாலைப் பணிக்கும் விரிக்கலாம். எப்படிச் செய்தாலும், ஓய்வெடுத்த நேரத்துக்குக் கூலி பிடித்தால் அந்த ஓய்வை யாரும் எடுக்க மாட்டார்கள். எண்ணிக்கைக்குச் சம்பளம் வாங்கும் செங்கல் சூளைத் தொழிலாளியும், ஆர்டருக்கு இவ்வளவு என்று ஓடும் உணவு விநியோகப் பையனும் வெயிலில் நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருகிறார்கள். உப்பளத்தில், வயலில், பந்தோபஸ்துக்கு நிற்கும் பெண் காவலரிடம், பூ விற்கும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "தண்ணி குடிச்சா போறதுக்கு எடமில்லையே" என்பார்கள். தண்ணீர்ப் பந்தலை எத்தனை திறந்தாலும் அருகில் ஒரு கழிப்பறை இல்லையென்றால் அந்தத் தண்ணீர் இவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் வெயிலிலும் அனலிலும் வேலை செய்தவர்கள், செய்யாதவர்கள் என 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருக்கலையும் ஆபத்து இரு மடங்கு என்று 2024இல் எழுதினார்கள். இதைப் படித்த பிறகும் கழிப்பறை சுகாதாரத் துறையின் வேலை, வெயில் தொழிலாளர் துறையின் வேலை என்று பிரித்துப் பேசிக்கொண்டிருக்கலாகாது.

நம்மால் முடியும் என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. சிக்னலில் நிற்பவர்களுக்காகப் பச்சை வலைப் பந்தல் போடும் பழக்கம் புதுச்சேரி, சென்னை, கோவை என்று சில ஆண்டுகளுக்குள் பரவிவிட்டது. சென்னையில் மாநகராட்சி விநியோக ஊழியர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறை கட்டியிருக்கிறது. அதே வேகத்தில் அடுத்த அடியையும் எடுக்கலாம். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு தொட்டி, ஐஸ் வைக்க ஒரு பெட்டி, உட்சூடு அளக்கும் வெப்பமானி. ஒவ்வொரு கட்டடத் தளத்திலும் ஒரு தார்ப்பாய், பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முதலுதவி தெரிந்த இருவர். பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே இதைச் சொல்லிக் கொடுக்கலாம். அம்மாவும் அப்பாவும் வெயிலில் நிற்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் தமிழகம் முழுவதும் கிராம சபை கூடுகிறது. கத்திரி தொடங்க அதற்குப் பிறகு ஆறு வாரம் இருக்கும். மே 1 கிராம சபை வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அந்த மார்ச் கூட்டத்தில் நம் ஊருக்கு ஒரு தீர்மானம் போடுவோம்: வயல்பக்கம் யாருடைய பம்புசெட் தொட்டி, வேலை நடக்கும் இடத்தில் எந்த மரத்தடி, எந்தக் கடையில் ஐஸ், தார்ப்பாய் யார் வீட்டில், 108-க்கு வழி சொல்ல முச்சந்தியில் நிற்கப்போவது யார். நகரங்களில் வார்டுக் கூட்டத்தில் இதையே கேட்கலாம். பெயர்களை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்வோம்.